தூங்கா நகரத்தின் கல்லாப்பெட்டி – 9: பேசிய பெட்டி

(சென்ற வாரம்: 2001-இல் மேலூர் வட்டாரக் கிராமங்களுக்குச் சென்னை ஐஐடியின் தொழில்நுட்பத்தோடு கம்பியில்லா இணைய மையங்கள் வந்தன. சில ஆண்டுகளில் அவற்றில் பல பூட்டிக் கிடந்தன. கருவி மட்டும் வந்தால் போதுமா என்ற கேள்வியோடு நிறுத்தியிருந்தோம்.)

2016 நவம்பர் 9, புதன்கிழமை. இன்னும் விடியவில்லை. மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தையில் மல்லிகை மூட்டைகள் வந்து இறங்குகின்றன.

முந்தைய இரவு எட்டு மணிக்குத்தான் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, நள்ளிரவு முதல் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்திருந்தார். புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் அந்த நோட்டுகள்தான். விடிந்தால் வங்கியும் திறக்காது, ஏடிஎம்மும் திறக்காது. மல்லிகைக்கு இதெல்லாம் தெரியுமா? காலையில் பறித்த மொட்டு பொழுது சாய்ந்தால் விரிந்துவிடும். விரிந்த பூவுக்கு விலை கிடையாது.

பூச்சந்தையின் கணக்கு பெரும்பாலும் வாய்ச்சொல்லில் ஓடுவது. கமிஷன் கடைக்காரர் விவசாயிக்கு முன்பணம் தந்திருப்பார். பூ அந்தக் கடைக்கே வரும். தெருவில் பூ விற்பவர் காலையில் கடனுக்கு எடுத்து, விற்றுவந்து கணக்கை முடிப்பார். கையில் முதல் இல்லையென்றால் தண்டல். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு, வட்டியை முன்னாலேயே பிடித்துவிட்டு, எட்டாயிரத்து ஐநூறோ ஒன்பதாயிரமோ கையில் கொடுப்பார்கள். தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். தண்டல்காரர் தினமும் வந்து வரவு எழுதும் அந்தச் சின்ன நோட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அது திரும்ப வரும்.

செல்போன் வழிப் பணம் அப்போதே தயாராகத்தான் இருந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 11 அன்று ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜன் யூபிஐயை மும்பையில் தொடங்கிவைத்திருந்தார். செப்டம்பரில் ஜியோ வந்து இணையத்தை மலிவாக்கியது. டிசம்பர் 30 அன்று பீம் செயலியும் வந்தது. பணத்துக்கு இவ்வளவு தட்டுப்பாடு இருந்தும், அந்த டிசம்பர் மாதம் நாடு முழுவதும் யூபிஐ வழியே நடந்த பரிவர்த்தனை ஏறத்தாழ 20 லட்சம்தான். 2025 ஆகஸ்டில் அதே கணக்கு 2,000 கோடியைத் தாண்டியது.

நோட்டு இல்லாமல் தவித்தபோது வராத மக்கள், நோட்டு தாராளமாகத் திரும்பிய பிறகு ஏன் வந்தார்கள்?

பதிலைத் தேடிச் சித்திரை வீதிப் பக்கம் ஒரு பூக்கார அக்காவிடம் போய் உட்கார்ந்தேன். இடுப்பில் சுருக்குப்பை, மடியில் வாழைநார், எதிரே ஈரத்துணி போர்த்திய கூடை. கூடையின் ஓரத்தில் க்யூஆர் அட்டை.

"மொதல்ல எனக்கு இது புடிக்கவே இல்ல தம்பி. போனைக் காட்டி 'போயிருச்சுக்கா'ன்னு சொல்லிட்டுப் போயிருவாக. வந்துச்சா வரலையான்னு எனக்கு எப்படித் தெரியும்? மெசேஜு இங்கிலீசுல வருது."

அந்தப் பயம் நியாயமானது. ஒரு முழம் பூவில் நிற்கும் லாபம் சில ரூபாய்தான். இரண்டு பேர் ஏமாற்றினால் அன்றைய உழைப்பு போயிற்று. படித்தவர்கள் இதை அறியாமை என்று சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. கண்ணால் பார்க்காத பணத்தை நம்பாதிருப்பது வியாபாரத்தின் முதல் பாடம்.

அந்தத் தயக்கத்தைக் கரைத்தவை சின்னச் சின்னக் காரியங்கள். அட்டையை ஒட்டச் செலவில்லை. கார்டு மெஷினுக்கு வேண்டிய கரண்டும் அதற்கு வேண்டாம். 2020 ஜனவரி 1 முதல் யூபிஐ வரவுக்கு வியாபாரியிடம் கட்டணம் பிடிப்பதும் நின்றது. 'சில்லறை இல்லை' என்று திரும்பிப் போகும் ஆட்கள் குறைந்தார்கள். அந்த ஆண்டு ஜூன் 24 முதல் மதுரையில் மீண்டும் முழு ஊரடங்கு. நோட்டைத் தொடவே ஊர் பயந்த காலம். கல்லூரியில் படிக்கும் மகள்தான் அக்காவுக்குச் செயலியைப் போட்டுக் கொடுத்து, பத்து நாள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தந்திருக்கிறாள். சென்ற வாரக் கேள்விக்கு ஒரு பதில் இங்கே இருக்கிறது: கருவியோடு, நம்பிக்கையான ஆள் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

பிறகு அந்தப் பெட்டி வந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே ஒருவர் ஸ்கேன் செய்தார். கூடைக்குப் பின்னாலிருந்து சவுண்ட் பாக்ஸ் தமிழில் சொன்னது: "நாற்பது ரூபாய் பெறப்பட்டது." அக்கா தலையை நிமிர்த்தவில்லை. கை பூவை அளந்தபடியே இருந்தது. கண் நம்பாததைக் காது நம்பியது. சட்டமோ விளம்பரமோ செய்ய முடியாததை, அவர் மொழியில் பேசிய ஒரு குரல் செய்துவிட்டது.

ஆனால் ஒவ்வொரு முறை பெட்டி பேசும்போதும் வேறோர் இடத்தில் ஒரு வரி எழுதப்படுகிறது. இன்று எத்தனை ரூபாய், நேற்று எவ்வளவு, மழைநாளில் எவ்வளவு என்று அக்காவின் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வரவுக் கணக்கு, தண்டல்காரரின் நோட்டுக்கு வெளியே உருவாகிவிட்டது.

2020 ஜூன் 1 அன்று தெருவோர வியாபாரிகளுக்காக மத்திய அரசு 'பிஎம் ஸ்வநிதி' திட்டத்தைத் தொடங்கியிருந்தது. அப்போது பிணை இல்லாமல் வங்கியிலிருந்து 10,000 ரூபாய் கடன், ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம், டிஜிட்டலில் பணம் வாங்கினால் ஊக்கத்தொகை. தண்டல் எழுதும் அதே பத்தாயிரம்! அக்காவும் மனு கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

ஒரு நாள் மாலை போன் அதிர்ந்தது. மகள் வாங்கிப் படித்தாள்: "வாழ்த்துகள்! உங்களுக்குக் கடன் தயார். கீழே அழுத்தவும்."

அக்காவின் முகம் மலர்ந்தது. மகளின் விரல் மட்டும் திரைக்கு மேலே அப்படியே நின்றது. அனுப்பியவர் பெயரில் எந்த வங்கியும் இல்லை.

(அடுத்த வாரம்: யார் விரித்த வலை?)