ஒரே நீரில் யாரோடு யார்?
ஜப்பானிய வெந்நீர் ஊற்று விடுதிகளின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

ஜப்பானின் மலைப்பகுதிச் சொகுசு விடுதிகள் வெளியிடும் விளம்பரச் சிற்றேடுகளில் ஒரு படம் திரும்பத் திரும்ப வருகிறது. மூங்கில் தட்டி, கல்லால் ஆன தொட்டி, ஆவி பறக்கும் ஊற்று நீர். அதில் கழுத்தளவு மூழ்கி எதிரே உள்ள மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். அறைக்கென்றே தனியாகக் கட்டப்பட்ட திறந்தவெளிக் குளியல் அது. அப்படிப்பட்ட அறைக்கு வாடகை அதிகம். அதே விடுதியின் பொதுக் குளியலுக்குப் போனால் வாசலிலேயே இரண்டு திரைச்சீலைகள் தொங்கும். ஒன்றில் 'ஆண்' என்றும் மற்றதில் 'பெண்' என்றும் எழுதியிருக்கும். ஒன்றாக வந்தவர்கள் அங்கே பிரிந்துவிட வேண்டும். ஆக, கூடுதலாகக் காசு கொடுத்தால் சேர்ந்து குளிக்கலாம். இல்லையென்றால் ஒழுக்கம் குறுக்கே நிற்கும். மாகாணச் சட்டங்கள் பொதுக் குளியலைத்தான் கட்டுப்படுத்துகின்றன. வாடகைக்கு எடுத்த அறைக்குள் நடப்பது அவற்றின் கண்ணுக்குத் தெரியாது.

இந்தச் சின்ன முரணிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது. ஆணும் பெண்ணும் ஒரே நீரில் இறங்குவதை ஜப்பானிய மொழியில் 'கொன்யோகு' என்கிறார்கள். கலப்புக் குளியல் என்று சொல்லிக்கொள்வோம். இன்று இது சொகுசாகவோ, அல்லது 'அழிந்துவரும் மரபு' என்ற பெயரில் காட்சிப்பொருளாகவோ ஆகியிருக்கிறது. ஒரு காலத்தில் ஏழைபாழைகளின் அன்றாடமாக இருந்தது.

எதோ நகரத்தில் (இன்றைய டோக்கியோ) பெரும்பாலான வீடுகளில் குளியல் கிடையாது. மரவீடுகள், தீப்பிடித்தால் தெருவே போய்விடும். தண்ணீரும் விறகும் வேறு கிராக்கி. எனவே காசு கொடுத்துக் குளிக்கும் பொதுக் குளியலகங்கள் தெருவுக்குத் தெரு இருந்தன. இரண்டு தொட்டிகளுக்கு வெந்நீர் காய்ச்சுவது இரட்டைச் செலவு என்பதால் ஒரே தொட்டி. அதுதான் கலப்புக் குளியலின் 'தத்துவம்'. கிழக்கத்திய ஞானம், இயற்கையோடு இயைந்த உடல் என்றெல்லாம் பின்னாளில் எழுதியவர்கள் விறகுக் கணக்கைப் பார்க்காமல் எழுதினார்கள்.

அதற்காக அதை ஒரு பொற்காலமாக ஆக்கிவிடவும் வேண்டாம். நீராவி வெளியேறாமல் இருக்கத் தொட்டி அறைக்கு மிகத் தாழ்வான வாசல் வைத்தார்கள். குனிந்துதான் நுழைய வேண்டும். 'மாதுளை வாய்' என்று அதற்குப் பெயர். உள்ளே ஒரே இருட்டு. அந்த இருட்டில் பெண்களுக்கு என்ன நடந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கலப்புக் குளியல் எஞ்சியிருக்கும் இடங்களில் பெண்கள் வருவதற்காக நீருக்குள் மணிக்கணக்கில் காத்துக் கிடக்கும் ஆண்களுக்கு இன்றைக்கும் 'முதலை' என்றே பட்டப்பெயர். பெண்களுக்குத் தனி நேரம் வேண்டும் என்று பெண்களே கேட்டதை மேற்கத்திய நாகரிகத்தின் பாதிப்பு என்று ஒதுக்குகிற ஆண் மரபுவாதிகளை நாம் நம்ப வேண்டிய அவசியம் இல்லை.

தடையும் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது மட்டுமல்ல. 1791-இல் மத்சுதைரா சதநோபுவின் சீர்திருத்தங்களின்போது ஷோகுன் அரசு கலப்புக் குளியலைத் தடைசெய்தது. 1840-களின் தொடக்கத்தில் மறுபடியும் தடை. திரும்பத் திரும்பத் தடைபோட வேண்டியிருந்தது என்பதே அது பலிக்கவில்லை என்பதற்குச் சாட்சி. ஆனால் அந்தத் தடைகளுக்கும் பின்னால் வந்தவற்றுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. முந்தையது தன் குடிகளை ஒழுங்குபடுத்த நினைத்த அரசின் ஆணை. பிந்தையது, வேறு யாரோ நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற கூச்சத்தில் பிறந்தது.

அந்த 'யாரோ' 1853-இல் போர்க்கப்பல்களோடு வந்த அமெரிக்கக் கமோடோர் பெர்ரி. 1854 ஒப்பந்தத்தில் ஷிமோதா துறைமுகம் திறக்கப்பட்டது. அங்கே அவருடைய ஆட்கள் ஒரு பொதுக் குளியலகத்தைப் பார்த்தார்கள். பயணக்குழுவின் ஓவியர் வில்ஹெல்ம் ஹைனே அதைப் படமாக வரைந்தார். 1856-இல் வெளியான அதிகாரபூர்வ அறிக்கையில் அந்தப் படம் இடம்பெற்றது. பிறகு வந்த பதிப்புகளில் நீக்கப்பட்டது. மரியாதையும் சுத்தமும் உள்ள இந்த மக்களிடம் ஒழுக்கம் மட்டும் இல்லை என்கிற ரீதியில் அறிக்கை எழுதப்பட்டது. பீரங்கியைக் காட்டித் துறைமுகத்தைத் திறக்க வைத்தவர்கள் ஒழுக்கம் பற்றிப் பேசியதைக் கவனியுங்கள். நிர்வாணத்தைக் கண்டு அதிர்ந்தவர்கள்தான் அதைப் படம் வரைந்து அச்சிட்டு ஊருக்கெல்லாம் காட்டினார்கள். குளித்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் 'பார்த்துக்கொண்டிருக்கவில்லை'. பார்வை என்ற வினையை அந்த அறைக்குள் கொண்டுவந்தவர் ஓவியர்.

இந்த அதிர்ச்சிக்குப் பின்னால் ஒரு மறதியும் இருந்தது. 1416-இல் இத்தாலிய அறிஞர் போஜ்ஜோ பிராச்சொலினி சுவிட்சர்லாந்தின் பாடன் வெந்நீர் ஊற்றுகளுக்குப் போய்விட்டு, அங்கே ஆணும் பெண்ணும் கூடிக் குளிப்பதை வியந்து நண்பருக்குக் கடிதம் எழுதினார். இங்கிலாந்தின் பாத் நகரில் 18-ஆம் நூற்றாண்டிலும் ஆண்களும் பெண்களும் துணி உடுத்தி ஒரே குளத்தில் இறங்கினார்கள். சொந்த வரலாற்றில் நேற்றுவரை இருந்ததை இன்னொருவனின் காட்டுமிராண்டித்தனமாக அடையாளப்படுத்துவது காலனியத்தின் பழைய பழக்கம்.

மெய்ஜி அரசு இந்தப் பார்வையை அப்படியே உள்வாங்கிக்கொண்டது. 1872-இல் டோக்கியோவில் சிறு குற்றங்களுக்கான ஒரு சட்டத் தொகுப்பு வந்தது. கலப்புக் குளியல் நடத்துவது, பச்சை குத்துவது, வெற்றுடம்போடு தெருவில் நடப்பது, பெண்கள் காரணமில்லாமல் தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொள்வது எல்லாமே அடுத்தடுத்துக் குற்றங்களாயின. இவற்றில் கடுமையான வகைக்கு 75 சென் முதல் 150 சென் வரை அபராதம். கட்ட வக்கில்லாதவர்களுக்கு 10 முதல் 20 வரை பிரம்படி. யாருடைய உடல்கள் குறிவைக்கப்பட்டன என்பது பட்டியலைப் பார்த்தாலே புரியும். சுமைதூக்குபவர்கள், ரிக்‌ஷா இழுப்பவர்கள், கூலிகள். சமமற்ற ஒப்பந்தங்களைத் திருத்த வேண்டுமானால் நாகரிகமானவர்கள் என்று நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கும் செலவு கூலிக்காரன் முதுகில் விழுந்தது. குளியலக முதலாளிகளோ தொட்டியின் குறுக்கே ஒரு பலகையை வைத்துச் சமாளித்தார்கள். பலகைக்கு மேலே பிரிவினை; கீழே அதே நீர்.

1899-இல் திருத்தப்பட்ட ஒப்பந்தங்கள் நடைமுறைக்கு வந்தன. வெளிநாட்டவர் நாட்டின் உட்பகுதிகளில் குடியிருக்கலாம் என்றாயிற்று. இதை 'கலந்து வாழ்தல்' என்றே அப்போது சொன்னார்கள். அடுத்த ஆண்டே, 1900-இல், 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் கலப்புக் குளியலை உள்துறை அமைச்சகம் நாடு முழுவதும் தடைசெய்தது. ஒரு கலப்புக்குக் கதவு திறந்தது, இன்னொன்றுக்கு மூடிற்று.

இதுவரை சொன்னது ஓரளவு தெரிந்த கதை. கலப்புக் குளியல் பற்றிப் பேசுகிற நூல்கள் பலவும் இங்கேயே நின்றுவிடுகின்றன. ஆணா பெண்ணா என்கிற கேள்வியையே எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தபோது இன்னொரு பிரிவினை சத்தமில்லாமல் நடந்து முடிந்தது. அதைப் பார்க்கக் குசாத்சுவுக்குப் போக வேண்டும்.

குன்மா மாகாணத்து மலையில் இருக்கும் குசாத்சுவின் நீர் கடும் அமிலத்தன்மை உடையது, கொதிப்பது. நீளப் பலகைகளால் நீரைக் கிளறிக் கிளறித்தான் உடம்பு தாங்கும் சூட்டுக்குக் கொண்டுவருவார்கள். கூட்டமாக, தலைவர் ஒருவரின் சொல்லுக்கேற்ப ஒரே நேரத்தில் இறங்கி, ஒரே நேரத்தில் ஏறுவார்கள். தோல் நோய்களுக்கு நல்லது என்று பேர். ஆகவே தொழுநோயாளிகள் நாடெங்குமிருந்து அங்கே வந்தார்கள். வீட்டைவிட்டு விரட்டப்பட்டவர்கள், குடும்பத்தின் பேர் கெடக் கூடாதென்று தாங்களே கிளம்பியவர்கள். மற்ற விருந்தாளிகளோடு அதே ஊரில், அதே ஊற்றுகளில் குளித்தார்கள்.

ஊர் வளர வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. மெய்ஜி அரசின் மருத்துவ ஆசிரியராக 1876-இல் ஜப்பானுக்கு வந்த ஜெர்மானியர் எர்வின் பெல்ஸ் குசாத்சுவின் நீரையும் காற்றையும் புகழ்ந்தார். ஐரோப்பிய பாணி ஆரோக்கிய நகரமாக அது ஆகக்கூடும் என்றார். பணக்கார விருந்தாளிகள் வர வேண்டுமானால் சில முகங்கள் கண்ணில் படக்கூடாது. 1887-இல் நோயாளிகள் ஊரின் கீழ்ப்புறத்தில் யுனோசாவா என்ற பகுதிக்கு ஒதுக்கப்பட்டார்கள். நீர் ஒன்றுதான், தொட்டி வேறு. (ஊருக்கு ஒரு குளம், சேரிக்கு ஒரு குட்டை என்று பார்த்துப் பழகிய நமக்கு இதில் புதிதாக விளக்க ஒன்றுமில்லை.)

ஆனால் ஒதுக்கப்பட்டவர்கள் அங்கே ஒரு வாழ்க்கையைக் கட்டினார்கள். தங்கள் விடுதிகளை, கடைகளைத் தாங்களே நடத்தினார்கள். கல்யாணம் செய்தார்கள், பிள்ளை பெற்றார்கள். 1916 முதல் மேரி கார்ன்வால் லீ என்ற ஆங்கிலேய மிஷனரிப் பெண்மணி அவர்களோடு தங்கி மருத்துவமும் பள்ளியும் நடத்தினார். அரசாங்கச் சுகாதார நிலையங்களில் அதே காலத்தில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1915 முதல் அங்கே ஆணும் பெண்ணும் சேர்ந்து வாழ விரும்பினால் ஆண் கருத்தடை அறுவை செய்துகொள்ள வேண்டும் என்ற நடைமுறை வந்தது. குளியலகத்தில் பலகை வைத்த அரசு, இங்கே கத்தி வைத்தது. ஆண்–பெண் ஒழுக்கமும் 'இனத் தூய்மை'யும் இரண்டு தனிக் கதைகள் அல்ல.

1931-இல் எல்லா நோயாளிகளையும் அடைத்துவைக்கும் சட்டம். 1932-இல் குசாத்சுவிலேயே குர்யு ரகுசென்-என் என்ற அரசு நிலையம் திறக்கப்பட்டது. 1940-களின் தொடக்கத்தில் யுனோசாவா கலைக்கப்பட்டது. 'ரகுசென்' என்றால் இன்ப ஊற்று. அந்த இன்ப ஊற்றின் வளாகத்தில் 1938 முதல் 1947 வரை ஒரு தண்டனைக்கூடம் இருந்தது. எதிர்த்துப் பேசிய நோயாளிகளை நாட்டின் பல நிலையங்களிலிருந்தும் அங்கே கொண்டுவந்து அடைத்தார்கள். குளிர்காலத்தில் பனி மூடும் மலையில் சூடு காட்ட ஒன்றுமில்லாத இருட்டறைகள். அடைக்கப்பட்டவர்கள் 93 பேர். இறந்தவர்கள் 23 பேர். நடந்து போகிற தூரத்தில் வெந்நீர் சதா ஓடிக்கொண்டிருந்தது. இன்று குசாத்சுவில் பலகையால் நீரைக் கிளறுவது பயணிகளுக்கான பாட்டுக் கச்சேரி. தண்டனைக்கூடத்துக்கான அருங்காட்சியகம் 2014-இல்தான் வந்தது.

குசாத்சு தனி உதாரணம் இல்லை. 1922 மார்ச் 3 அன்று கியோட்டோவில் புராகுமின் மக்கள் 'சுயிஹெய்ஷா' என்ற தங்கள் சமத்துவ இயக்கத்தைத் தொடங்கினார்கள். அதே மாதம் 25-ஆம் தேதி, வெந்நீர் ஊற்று நகரமான பெப்புவில், மதொகாஹமா கடற்கரையில் இருந்த ஏழைகளின் குடிசைகளைக் காவல்துறையே கொளுத்தியது. அரச குடும்பத்து இளவரசர் ஒருவர் வரவிருந்த நேரம் அது. பெப்புவின் நீராவியைத்தான் அஞ்சலட்டைகளில் பார்க்கிறோம், இந்தப் புகையை அல்ல.

பிறகு 1980-களின் குமிழிப் பொருளாதாரக் காலம், 1987-இன் ஓய்விடச் சட்டம், மலையெல்லாம் கான்கிரீட் விடுதிகள். அதை நீட்டி எழுதத் தேவையில்லை. ஒதாரு நகரில் ஒரு வெந்நீர்க் குளியலகம் 'ஜப்பானியர் மட்டும்' என்று பலகை மாட்டியது. ரஷ்ய மாலுமிகளால் தொந்தரவு என்பது அவர்கள் சொன்ன காரணம். வழக்குப் போட்ட மூவரில் ஒருவர் ஜப்பானியக் குடியுரிமை பெற்றவர். அவரையும் முகத்தைப் பார்த்தே திருப்பி அனுப்பினார்கள். 2002 நவம்பரில் சப்போரோ மாவட்ட நீதிமன்றம் ஆளுக்கு 10 லட்சம் யென் இழப்பீடு தரச் சொன்னது. நகராட்சிக்குப் பொறுப்பில்லை என்றும் சொன்னது.

கடைசியாக ஒரு சம்பவம். தொழுநோய்த் தடுப்புச் சட்டம் 1996-இல் நீக்கப்பட்டது. 2001 மே மாதம் குமமோத்தோ நீதிமன்றம் அடைத்துவைப்புக் கொள்கை அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தது. அரசு மேல்முறையீடு செய்யவில்லை, பிரதமர் மன்னிப்புக் கேட்டார். எல்லாம் முடிந்துவிட்டதாகத் தோன்றியது. 2003-இல் குமமோத்தோ மாகாண அரசு, கிகுச்சி கெய்ஃபு-என் நிலையத்தில் வாழும் முன்னாள் நோயாளிகளுக்காகக் குரொகாவா வெந்நீர் ஊற்றில் ஒரு விடுதியில் அறைகள் பதிவு செய்தது. நோய் எப்போதோ குணமான முதியவர்கள். யார் வருகிறார்கள் என்று தெரிந்ததும் விடுதி மறுத்துவிட்டது. மற்ற விருந்தாளிகளுக்குச் சங்கடமாக இருக்குமாம். விவகாரம் வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்க ஆள் வந்தது. அந்த மன்னிப்பில் மனம் இல்லை என்று முதியவர்கள் அதை ஏற்க மறுத்தார்கள்.

அதுவரை அவர்கள் பக்கம் இருந்ததாகத் தெரிந்த பொதுமக்கள் அந்தக் கணத்தில் திரும்பினார்கள். பரிதாபத்துக்குரியவர்களாக இருக்கும்வரை அனுதாபம். மன்னிப்பை மறுத்தவுடன் 'இவர்களுக்கு இவ்வளவு திமிரா'. கடிதங்களும் தொலைபேசி அழைப்புகளும் குவிந்தன. வரிப்பணத்தில் சாப்பிடுகிறவர்களுக்கு வெந்நீர்க் குளியல் ஒரு கேடா என்கிற தொனியில் முகவரி இல்லாத கடிதங்கள். அவற்றை முதியவர்கள் தூக்கிப்போடவில்லை. நிலையத்தில் வாழ்வோர் சங்கம் அவற்றைத் திரட்டித் தொகுத்தது. விடுதி 2004-இல் மூடப்பட்டது, பிறகு கட்டடமும் இடிக்கப்பட்டது. ஊற்று அங்கேயேதான் இருக்கிறது.