உலகைச் சுற்றிய இந்தியப் பாய்மரப் படகுகளும் தன்னியக்கச் சுக்கானும்

பாய்மரப் படகில் தனியாக நெடுந்தொலைவு செல்பவர் உறங்கும்போதும் படகு திசை மாறாமல் ஓட வேண்டும். இதற்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, காற்றைக் கொண்டே சுக்கானைத் திருப்பும் காற்றுத்தகட்டுக் கருவி. மற்றொன்று, திசைகாட்டியைப் பார்த்து மின்மோட்டாரால் சுக்கானை அசைக்கும் தானியங்கி. முன்னது மின்சாரம் கேட்காது. பின்னது ஓயாமல் கேட்கும்.

இந்த வரலாற்றில் இந்தியாவுக்கு முக்கிய இடம் பம்பாயில் கட்டப்பட்ட 'சுஹைலி' என்ற 32 அடித் தேக்குப் படகால் கிடைத்தது. பிரித்தானியரான ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968 ஜூன் 14 அன்று இதில் இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டார். 1969 ஏப்ரல் 22 அன்று அங்கேயே திரும்பி, எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதரானார். வழியில் வானொலி செயலிழந்தது. ஆஸ்திரேலியாவை அடையும்போது சுக்கான் கருவியும் உடைந்துபோனது. பசிபிக்கும் அட்லாண்டிக்கும் இன்னும் மீதமிருந்தன. அவர் பாய்களின் இழுப்பை ஒன்றுக்கொன்று ஈடாகும்படி கூட்டிக் குறைத்துக் கட்டிவிட்டு உறங்கினார். நீண்ட அடிக்கட்டையும் இரண்டு பாய்மரங்களும் கொண்ட படகு என்பதால் அது நேராக ஓடியது. அந்தப் பயணத்தின் மிகச் சிறந்த 'கருவி' படகின் வடிவமே என்று சொல்லலாம்.

காற்றுத்தகட்டின் செயல்முறை எளிது. பின்புறம் நிற்கும் மெல்லிய தகடு காற்றுக்கு நேராக நிற்கும்படி வைக்கப்படும். படகு விலகினால் காற்று தகட்டைச் சாய்க்கும். அது நீரில் தொங்கும் துடுப்பைச் சற்றே திருப்பும். ஓடும் நீர் அந்தத் துடுப்பைப் பக்கவாட்டில் தள்ள, அந்த விசை கயிறு வழியாகச் சுக்கானை இழுக்கும். தகட்டைச் சாய்க்கக் காற்றின் சிறு தள்ளல் போதும்; சுக்கானைத் திருப்பும் பலம் நீரிலிருந்து வருகிறது. குறை ஒன்றுண்டு: காற்று திசை மாறினால் படகும் சேர்ந்து மாறும், உறங்குபவருக்குத் தெரியாது.

மின் தானியங்கியில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் சராசரியாக 4 ஆம்பியர் எடுத்தால் ஒரு நாளுக்கு 96 ஆம்பியர்-மணி. ஈய மின்கலத்தைப் பாதிக்குமேல் வடியவிட்டால் அதன் ஆயுள் குறையும். ஆகவே ஒரு நாள் ஓட்டத்துக்கே ஏறக்குறைய 200 ஆம்பியர்-மணி மின்கலம் தேவை. மேகம் மூடிய தென்கடலில் சூரியத்தகடு அதிகம் தராது. அலை பெரிதாகும்போதோ மோட்டாரின் பசி கூடும். அப்போது எஞ்சினை ஓட்டி மின்னேற்றம் செய்ய வேண்டும், அதற்கு டீசல் வேண்டும்.

கோவாவில் கட்டப்பட்ட 56 அடி 'மாதேயி' படகில் கடற்படை அதிகாரி திலீப் தோண்டே 2009-10இல் நான்கு துறைமுகங்களில் நின்று உலகைச் சுற்றினார். அபிலாஷ் டோமி 2012-13இல் நிற்காமலே சுற்றினார். 2017-18இல் ஆறு பெண் அதிகாரிகள் சென்ற 'தாரிணி', கேப் டவுனிலிருந்து திரும்பும் வழியில் சுக்கான் அமைப்பு பழுதாகி, திட்டத்தில் இல்லாத மொரிஷியஸில் நிற்க நேர்ந்தது.

1968 பந்தயத்தின் நினைவாக நடக்கும் கோல்டன் குளோப் பந்தயத்தில் மின் தானியங்கிக்குத் தடை. 2018இல் சுஹைலியின் வடிவிலேயே கோவாவில் கட்டிய 'துரியா'வில் டோமி கலந்துகொண்டார். இந்தியப் பெருங்கடல் புயலில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பும் நொறுங்கியது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் 2022இல் 'பயானாத்' படகில் மீண்டும் புறப்பட்டார். காற்றுத்தகட்டுக் கருவியின் பாகங்கள் அடுத்தடுத்து உடைய, கழிவறைக் கதவை அறுத்துக்கூட மாற்றுப் பாகம் செய்தார். 2023 ஏப்ரல் 29 அன்று இரண்டாவதாகக் கரை சேர்ந்தார்.

2024 அக்டோபரில் தாரிணி மறுபடி கோவாவிலிருந்து கிளம்பியபோது படகில் இருவரே: புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா, கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா. ஏறத்தாழ எட்டு மாதம், 25,000 கடல் மைலுக்கு மேல். ஒருவர் உறங்கினால் காவலுக்கு எஞ்சுவது ஒருவர்தான்; பாயைச் சுருக்கவும் சமைக்கவும் பழுது பார்க்கவும் அவரே. 2025 மே மாத இறுதியில் இருவரும் கோவா திரும்பினர்.