இரவல் வெளிச்சம்: பூல் ஆட்டமும் தொலைக்காட்சியும்

1983 கலவரத்துக்குப் பிறகு லண்டன் வந்து சேர்ந்த நாங்கள் ஐந்து பேர், நகரின் கிழக்குப் பகுதியில் ஒரே அறையில் இருந்தோம். அறையில் யாரோ கழித்துவிட்ட கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று. வேலை முடிந்து நேரம் பிந்தி வருகிறவர்கள் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்ப்போம். ஆங்கிலம் பிடிபடாத காலம். செய்தி பாதி விளங்கும், பகிடி ஒன்றும் விளங்காது. முழுதாக விளங்கியது ஸ்னூக்கர் மட்டுந்தான். ஊரில் கரம் போட்டில் காய் விழுத்திப் பழகிய கண்ணுக்கு அதைச் சொல்லித்தர யாரும் தேவைப்படவில்லை. எது நீலப் பந்து, எது மண்ணிறப் பந்து என்பதைத்தான் சாம்பல் நிறத்தின் அழுத்தத்தை வைத்து ஊகிக்க வேண்டியிருந்தது.

1985 ஏப்ரலில் உலகச் சம்பியன் இறுதிப் போட்டி நடந்தது. டெனிஸ் ரெய்லரும் ஸ்ரீவ் டேவிஸும் மோதினார்கள். நள்ளிரவு கடந்து, 35ஆவது ஆட்டத்தின் கடைசிக் கறுப்புப் பந்தில் ரெய்லர் வென்றார். பி.பி.சி. இரண்டில் அதை 1 கோடி 85 லட்சம் பேர் பார்த்தார்களாம். அந்தக் கணக்கில் எங்கள் ஐந்து பேரையும் சேர்த்திருப்பார்களோ என்று நாம் பல காலம் பகிடி விட்டதுண்டு.

ஆனால் நாம் பார்த்தது ஒன்று, ஆடியது வேறொன்று. ஸ்னூக்கர் மேசை 12 அடி நீளம். அதற்கென்று மண்டபம் வேண்டும். தெருமுனைப் பப்பில் இருந்தது சின்னப் பூல் மேசை. காசு போட்டால் பந்துகள் உருண்டு வரும். அடுத்து ஆடப் போகிறவர் தன் காசை மேசை விளிம்பில் வைத்துவிட்டுக் காத்திருப்பார். காசு வைத்தவனுக்கு முறை வந்தே தீரும். அவன் யார், எங்கிருந்து வந்தவன், விசா இருக்கிறதா என்று மேசை கேட்பதில்லை. இத்தனை பேர் கைபட்ட இந்த ஆட்டம் ஏன் அந்தப் பெட்டிக்குள் வரவில்லை என்பது அப்போதே எழுந்த கேள்வி. அதற்குப் பதில் தேடப் போனால் அமெரிக்காவுக்குத்தான் போகவேண்டியிருக்கிறது.

பூலைக் கூட்டத்துக்குக் காட்டும் முயற்சி தொலைக்காட்சியை விடப் பழையது. 1920களில் சம்பியனாக இருந்த ரால்ஃப் கிறீன்லீஃப் நியூயோர்க் பலஸ் அரங்கின் மேடையிலே ஆடிக் காட்டினார். கீழே இருப்பவர்களுக்கு மேசையின் பரப்புத் தெரியாது. ஆகவே மேசைக்கு மேலே பெரிய கண்ணாடியொன்றைச் சாய்த்துக் கட்டினார்கள். பின்னாளில் தொலைக்காட்சிக்காரர் மேசைக்கு மேலே தொங்கவிட்ட படக்கருவிக்கு முன்னோடி அந்தக் கண்ணாடிதான். பந்துகளைக் காட்டுவது அன்றைக்கே தீர்ந்துபோன பிரச்சினை. தீராத பிரச்சினை வேறு.

கிறீன்லீஃப்புக்குப் பின் வந்தவர் வில்லி மொஸ்கோனி. 1941க்கும் 1957க்கும் இடையில் 15 தடவை உலகச் சம்பியன். 1954 மார்ச்சில் ஒஹையோ மாநிலத்து ஸ்பிறிங்ஃபீல்டில் தவறவிடாமல் தொடர்ந்து 526 பந்துகளைக் குழியில் விழுத்தினார். அதைப் படம்பிடிக்க ஒருவருமில்லை. இருந்து பார்த்தவர்கள் கையொப்பமிட்ட சத்தியக்கடதாசிதான் சாட்சி. படம்பிடித்திருந்தாலும் கதை மாறியிருக்குமா என்பது சந்தேகமே. ஒரு பந்தை விழுத்தும்போதே வெள்ளைப் பந்தை அடுத்த பந்துக்கு வசதியான இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவதுதான் பூலின் உச்சமான திறமை. அதைச் சரியாகச் செய்கிறவனுக்கு எல்லா அடியும் சுலபமான அடியாகவே அமையும். பார்க்கிறவன் இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று கேட்பான். எதிராளியோ கதிரையில் கைகட்டி உட்கார்ந்திருப்பான். திறமை கூடக்கூடக் கண்ணுக்குத் தெரியாமற் போகும் ஆட்டம் இது.

திரையில் தெரிந்தது வேறு விஷயம். 1961இல் வெளிவந்த 'த ஹஸ்லர்' படத்தில் போல் நியூமன் பந்தயம் கட்டி ஆடும் சூதாடியாக நடித்தார். ஜாக்கி கிளீசன் மினெசோட்டா ஃபற்ஸ் என்ற கொழுத்த ஆட்டக்காரராக வந்தார். படத்தின் ஆட்ட ஆலோசகர் மொஸ்கோனி. படம் ஓடியபின், அதுவரை நியூயோர்க் ஃபற்ஸ் என்று அழைக்கப்பட்ட றூடொல்ஃப் வொண்டரோன் என்பவர் தாமே அந்த மினெசோட்டா ஃபற்ஸ் என்று சொல்லிக்கொண்டார். மூலநாவலை எழுதிய வோல்ரர் ரெவிஸ் இதை மறுத்தார். யாரும் காதில் வாங்கவில்லை. வொண்டரோனுக்கு வாய் இருந்தது. தொலைக்காட்சிக்கு வாய்தான் வேண்டும்.

அதே 1961இல் இலினோய் மாநிலத்து ஜோன்ஸ்ரன் சிற்றியில் சூதாட்டப் பூல்காரர்களின் ஆண்டுப் போட்டி தொடங்கியது. தேசியத் தொலைக்காட்சியும் அங்கே போனது. சம்பியன்களைத் தேடி அல்ல, 'ஹஸ்லர்'களைத் தேடி. 1972இல் மத்திய அரசின் அதிகாரிகள் சூதாட்டத்துக்காக அங்கே புகுந்து ஆட்களைப் பிடித்ததோடு அந்தப் போட்டி முடிந்தது. ஆட்டத்துக்குக் கிடைத்த கவர்ச்சியும் அவப்பெயரும் ஒரே இடத்திலிருந்து வந்தவை.

1978 பெப்ரவரியில் ஏ.பி.சி. தொலைக்காட்சி நியூயோர்க்கின் வோல்டோர்ஃப் அஸ்ரோறியா ஹொட்டலில் மொஸ்கோனியையும் ஃபற்ஸையும் நேருக்கு நேர் நிறுத்தியது. குத்துச்சண்டை வர்ணனையில் பேரெடுத்த ஹவார்ட் கோசெல் வர்ணனையாளர். மொஸ்கோனி தெளிவாக வென்றார். ஆனால் அன்றைக்கு ஜனங்களின் மனதில் நின்றவர் ஓயாமற் பேசிக்கொண்டிருந்த ஃபற்ஸ். பூல் ஒரு நாகரிகமான விளையாட்டு என்று காட்ட வாழ்நாள் முழுவதும் கழுத்துப்பட்டியோடு ஆடிய மொஸ்கோனிக்கு, வெல்லும்போதே தோற்ற நாள் அது.

ஸ்னூக்கருக்கும் அவப்பெயர் இல்லாமல் இல்லை. அதுவும் புகைமண்டிய மண்டபங்களில் வேலைவெட்டியில்லாதவர்கள் ஆடுவது என்றே பெயர் வாங்கியிருந்தது. 1875இல் ஜபல்பூரில் பிரித்தானிய இராணுவ அதிகாரிகள் மத்தியிற் பிறந்து, நம் நீலகிரியின் உதகமண்டலத்து ஆங்கிலேயர் கழகத்தில் விதிகள் எழுதப்பட்ட ஆட்டம் அது. அதற்கு வாழ்வு கொடுத்தது ஒரு தற்செயல். 1967இல் பி.பி.சி. இரண்டு வர்ண ஒளிபரப்பைத் தொடங்கிய பிறகு வர்ணத்தைக் காட்ட மலிவான நிகழ்ச்சியொன்று தேவைப்பட்டது. அந்த அலைவரிசை டேவிட் அற்றன்பரோவின் பொறுப்பில் இருந்த காலம் அது. பச்சைத் துணியில் பல நிறப் பந்துகள் உருளும் 'பொற் பிளாக்' அப்படித்தான் தொடங்கியது. சிகரெட் கொம்பனிகளும் வந்தன. 1965இலேயே பிரித்தானியத் தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரம் தடைசெய்யப்பட்டுவிட்டதால், போட்டிக்கு அனுசரணை வழங்குவது அவர்களுக்குப் பின்கதவு.

ஆக, ஸ்னூக்கரும் இரவல் வெளிச்சத்திலேதான் மேடையேறியது. வேறுபாடு அதற்குப் பிறகு கிடைத்ததில் இருக்கிறது. 1978இலிருந்து உலகச் சம்பியன் போட்டியை பி.பி.சி. நாள்தோறும் காட்டியது. விளம்பர இடைவேளை இல்லாத பொது ஒளிபரப்பு. மணிக்கணக்காகப் பார்த்துப் பார்த்துத்தான் கண்ணுக்குத் தெரியாத திறமையைப் பார்க்க மக்கள் பழகினார்கள். நாமும் பழகினோம்.

அமெரிக்காவில் பூலுக்கு அந்த நேரம் கிடைக்கவில்லை. விளம்பரங்களுக்கு இடையில் கிடைக்கும் துண்டு நேரத்துக்குள் ஆட்டம் அடங்கவேண்டும். மொஸ்கோனி ஆடிய நீண்ட ஆட்டத்தின் இடத்தை 'நைன் போல்' பிடித்தது. ஒன்பது பந்துகள். மேசையில் உள்ள ஆகக் குறைந்த இலக்கப் பந்தை முதலில் தொடவேண்டும். ஒன்பதாம் பந்தை விழுத்தியவர் அந்தச் சுற்றை வெல்வார். சில நிமிடங்களில் முடிந்துவிடும். தொலைக்காட்சிக்கு உகந்த ஆட்டந்தான், ஆனால் அதிர்ஷ்டத்துக்கும் இடம் கூடியது.

1986இல் நியூமன் மீண்டும் நடித்த 'த கலர் ஒஃப் மணி' வந்ததும் பூல் மண்டபங்கள் நிறைந்தன. ஆனால் ஆட்டக்காரர்களுக்கு ஒரு வலுவான சங்கம் அமையவில்லை. ஓர் அமைப்பு உடைந்து இரண்டாகும், சிகரெட் பணம் வரும், வழக்கு வரும், பணம் நிற்கும். இயக்கங்கள் உடைந்து உடைந்து பெருகியதைப் பார்த்த எமக்கு இது புதிய கதையல்ல. 1993இல் பெண் ஆட்டக்காரர்கள் தனியாகப் பிரிந்து தமக்கென்று ஒரு சுற்றுப்போட்டி அமைத்தார்கள். ஈ.எஸ்.பி.என். அலைவரிசையில் ஆண்களை விட அவர்களுக்கே கூடுதல் இடம் கிடைத்தது. 1996இல் டலஸ் போட்டியொன்றில், தொடர்ந்து பத்துச் சுற்றுகளைத் துப்புரவாக்குபவருக்குப் பத்து லட்சம் டொலர் என்று அறிவித்தார்கள். ஏர்ல் ஸ்ரிக்லண்ட் அதைச் செய்தே காட்டினார். காப்புறுதிக்காரர் கொடுக்க மறுத்து, கடைசியில் சமரசத்தில் முடிந்தது.

இந்தக் கதையில் எம்மை மிகவும் தொடுகிறவர் பிலிப்பைன்ஸ் நாட்டின் எஃப்ரன் றெயேஸ். 1985இல் அவர் அமெரிக்கா வந்தபோது சொந்தப் பெயரில் ஆடவில்லை, சீசர் மொறாலெஸ் என்ற பெயரில் ஆடினார். உண்மைப் பெயரைச் சொன்னால் பந்தயம் கட்ட ஆள் கிடைக்காது. இரவல் பெயரில் எல்லைகள் தாண்டிய எம்மவர்க்கு அந்தச் சங்கடம் விளங்கும். வொண்டரோன் புகழுக்காகப் படத்திலிருந்து ஒரு பெயரை எடுத்தார். றெயேஸ் பிழைப்புக்காகத் தன் பெயரை மறைத்தார். அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு நன்றாகத் தெரிந்தவர் முதலாமவர்தான். 1996இல் ஹொங்கொங்கில் றெயேஸும் ஸ்ரிக்லண்டும் 120 சுற்றுகளை யார் முதலில் வெல்வது என்று நாட்கணக்காக மோதினார்கள். றெயேஸ் 120க்கு 117 என்று வென்றார். அப்படியொரு ஆட்டத்தைத் துண்டு நேரத்தில் எப்படிக் காட்டுவது?

வழியொன்றைக் கண்டவர் ஸ்னூக்கரில் பணம் பண்ணிய லண்டன்காரர் பரி ஹேர்ண். அவருடைய மச்றூம் நிறுவனம் போட்டியைத் தானே நடத்தி, தானே படம்பிடித்து, அலைவரிசைகளுக்கு விற்றது. 1994இல் எஸெக்ஸின் றொம்ஃபோர்டில் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையிலான போட்டி தொடங்கியது. ஆரவாரம், கொடி, கூச்சல் எல்லாம் உண்டு. அதற்கு வைத்த பெயர் மொஸ்கோனி கிண்ணம். முதல் ஆண்டு காலமாகிவிட்ட அந்தக் கழுத்துப்பட்டிக்காரர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! 1999இல் அதே நிறுவனம் கார்டிஃபில் நடத்திய உலகப் போட்டியில் றெயேஸ் வென்றார். மணிலாவில் அவர் தேசிய வீரர். அங்கே பூல் எவரிடமும் அங்கீகாரம் கேட்டு நிற்கவில்லை.

இரவல் வெளிச்சத்தின் ஆபத்து 2006இல் நன்றாக வெளிப்பட்டது. இரவு நேர விற்பனை விளம்பர நிகழ்ச்சிகளால் பணக்காரரான கெவின் றூடோ அதற்கு முந்திய ஆண்டு ஒரு சர்வதேசச் சுற்றுப்போட்டியைத் தொடங்கியிருந்தார். பூல்காரர்கள் கண்டிராத பரிசுத்தொகைகள். றீனோவில் றெயேஸ் வென்றது 5 லட்சம் டொலர். ஆனால் அறிவித்த பணத்தைக் கொடுக்க முடியாமல் ஆட்டக்காரர்களுக்குத் தவணை தவணையாகக் கொடுத்தார்கள். சுற்றுப்போட்டியும் அத்தோடு படுத்துவிட்டது. றூடோ பின்னர் வேறொரு விவகாரத்தில், நீதிமன்ற உத்தரவை மீறியதற்காக, 2014இல் பத்து ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். 2024இல் உலகப் போட்டி சவூதி அரேபியாவின் ஜெத்தாவுக்குப் போனது. மொத்தப் பரிசு பத்து லட்சம் டொலர். இம்முறை பணம் பெரிய இடத்திலிருந்து வருகிறது. ஆனாலும் வர்ணப் பெட்டி, சிகரெட், விற்பனைக்காரர் என்று நீளும் வரிசையில் இப்போது ஓர் அரசு வந்து நிற்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். விளக்கைப் பிடிப்பவர் தன் தேவை முடிந்ததும் விளக்கோடு போய்விடுவார். ஸ்னூக்கரிலும் சிகரெட்காரர் 2005இல் போனார்கள். அதற்குள் பார்க்கப் பழகிய கண்கள் உருவாகிவிட்டதால் ஆட்டம் நின்றது.

எங்கள் ஐந்து பேரில் இப்போது லண்டனில் இருப்பவர்கள் இரண்டு பேர். அந்தப் பப் மூடப்பட்டுவிட்டது. சந்திக்கும்போது கைத்தொலைபேசியில் றெயேஸின் பழைய ஆட்டங்களைப் போட்டுப் பார்ப்போம். இடைவேளை இல்லை, வெட்டு இல்லை, வேண்டிய நேரம் இருக்கிறது. போன மாதம், வெள்ளைப் பந்து மூன்று விளிம்புகளில் பட்டு நிற்கவேண்டிய இடத்தில் போய் நின்றபோது, பக்கத்திலிருந்த நண்பரின் மகன் கேட்டான்: “இதில என்ன பெரிய விஷயம் இருக்கு?”

நாம் அதை முதலிலிருந்து போட்டுக் காட்டினோம்.