நியூ கினியில் இல்லாத பென்குயின்

மகள் வயிற்றுப் பேரன் என் கைப்பேசியில் ஈபேர்ட் செயலியைப் போட்டுக் கொடுத்தான். ஊசுட்டேரிக்குப் போய்வந்து, காப்பி குடித்துவிட்டு, பார்த்த பறவைகளை வீட்டில் உட்கார்ந்து ஏற்றினேன். இடம் கேட்டபோது முதலில் தெரிந்த பொத்தானை அழுத்தியிருக்கிறேன். இரண்டு நாள் கழித்து ஒரு கடிதம். பதிவுகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர் ஒருவர், "ஐயா, உங்கள் தெருவில் முந்நூறு நாமக்கோழிகளா?" என்று மரியாதையாகக் கேட்டிருந்தார். வெட்கமாகிவிட்டது. இடத்தைத் திருத்தினேன்.

உடனே சொன்னெரா ஞாபகம் வந்தது. பிரெஞ்சில் எழுதினால் கடைசியில் ஒரு 'ட்' இருக்கும்; அதை விழுங்கிவிட வேண்டும். 1748இல் லியோன் நகரில் பிறந்தவர். நம் புதுச்சேரியில் பல ஆண்டுகள் இருந்தார். 1782இல் வெளிவந்த அவருடைய இந்தியப் பயண நூலின் முகப்பிலேயே கடற்படை கொமிசேர் என்று பதவி போட்டிருக்கும். ஆக அவரும் சர்க்கார் உத்தியோகஸ்தர்தான். நம் காடுகளில் திரியும் சாம்பல் நிறக் காட்டுக்கோழிக்கு அறிவியல் பெயரே அவர் பெயரில் 'கல்லுஸ் சொன்னெராட்டி'. ஒரு மரப் பேரினத்துக்கும் அவர் பெயர்தான்.

ஆனால் 1776இல் அவர் வெளியிட்ட நியூ கினிப் பயண நூல் இருக்கிறதே, அதில்தான் வில்லங்கம். நியூ கினியில் கிடைத்தவை என்று பென்குயின்களைப் படத்தோடு போட்டிருக்கிறார். பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலுள்ள அந்தத் தீவில் பென்குயினே கிடையாது. சிரிப்பது போலக் கூவும் பெரிய மீன்கொத்தி ஒன்றையும் அங்கத்தியது என்றார். அது ஆஸ்திரேலியாவின் கூக்கபரா. சொன்னெரா நியூ கினியில் கால் வைக்கவே இல்லை, பக்கத்துத் தீவுகளோடு திரும்பிவிட்டார் என்பது பின்னால் ஆராய்ந்தவர்கள் சொல்வது. அவருடைய நூலை நம்பிப் பெயர் வைத்தார்கள். 1781இல் பென்குயினுக்கு 'பப்புவா', 1783இல் மீன்கொத்திக்கு 'நோவேகினியே'. முதலில் வைத்த பெயரை மாற்றக் கூடாது என்பது விலங்கியல் விதி. அதனால் தப்பு தெரிந்தும் இன்றுவரை அதே பெயர்கள். எங்கள் அலுவலகத்தில்கூட தவறான பதிவுக்கு ஒரு திருத்த ஆணை போட வழியிருந்தது!

சொன்னெராவிடம் "எங்கே பார்த்தீர்?" என்று கேட்க அன்று ஆளில்லை. 2002இல் அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் கூடமும் ஆடுபன் சங்கமும் தொடங்கிய ஈபேர்டில் முதல் கேள்வியே அதுதான். எந்த இடம், எத்தனை மணி, எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் நடந்தீர்கள், எத்தனை பறவை. வேட்டைக்கும் தொந்தரவுக்கும் ஆளாகக்கூடிய சில அரிய பறவைகளின் துல்லியமான இடத்தை மட்டும் பொதுவில் காட்டாமல் மறைத்துவிடுகிறார்கள். அதுவும் சரிதான்.

பழைய குறிப்புகளையும் ஏற்றலாம் என்று பேரன் சொன்னான். பரணிலிருந்து என் 1984ஆம் வருட நோட்டை எடுத்தேன். "12.2.84, ஏரி, மாலை, கூழைக்கடா 40." எந்த ஏரி? அப்போது வீடு வில்லியனூர் பக்கம், வேலை பாகூரில். வீட்டுப் பக்கம் ஊசுட்டேரி, வேலைப் பக்கம் பாகூர் ஏரி. இரண்டுமே எனக்கு வெறும் 'ஏரி'தான். நாட்காட்டியைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், அன்று ஞாயிற்றுக்கிழமை. அப்படியானால் ஊசுட்டேரியாக இருக்கலாம். ஆனால் பாகூரில் நண்பர் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போனதும் உண்டு.

"ஊசுட்டேரின்னே போட்டுடுங்க தாத்தா, யாருக்குத் தெரியப் போகுது?" என்றான் பேரன். சொன்னெராவும் இப்படித்தான் போட்டிருப்பார். அந்த நாற்பது கூழைக்கடாக்களும் நோட்டிலேயே இருக்கின்றன.