கனடிய அனுபவம்

கனடாவில் குடியேறும் பொறியாளர், கணக்காளர் போன்றோரிடம் அந்நாட்டு நிறுவனங்களும் தொழில் உரிமம் வழங்கும் அமைப்புகளும் நெடுங்காலமாகக் கேட்டுவந்த நிபந்தனை ‘கனடிய அனுபவம்’. சொந்த நாட்டில் எத்தனை வருடம் வேலை பார்த்திருந்தாலும், கனடாவுக்குள் கொஞ்ச காலமாவது பார்த்திருக்க வேண்டும் என்பதே இதன் பொருள். முதல் வேலை தேடுபவரிடமே முந்தைய வேலையைக் கேட்கும் விசித்திரம் இது.

கனடா 1967-இல் புள்ளி முறையைக் கொண்டுவந்தது. படிப்பு, வயது, மொழித்திறன், தொழில் அனுபவம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டு ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள். 2015-இல் தொடங்கிய எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற தேர்வு முறையும் அதன் வழிவந்ததே. விசாவுக்கு மதிப்பெண் வாங்கித் தந்த அதே அனுபவம், நேர்முகத் தேர்வில் செல்லாக்காசாகிவிடும். குடியேற்றத்துக்காகச் செய்யும் பட்ட மதிப்பீட்டையே தொழில் உரிமம் என்று நம்பி வந்திறங்குவோரும் உண்டு. இந்தப் பட்டம் கனடாவின் இன்ன பட்டத்துக்குச் சமம் என்று மட்டுமே அந்தத் தாள் சொல்லும். உரிமம் மாகாணங்களின் விவகாரம்.

ஒன்டாரியோ மாகாணத்தில் பொறியாளர் உரிமம் பெற நான்கு ஆண்டு அனுபவம் கேட்டார்கள். அதில் 12 மாதமாவது கனடாவில், உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவரின் கீழ் வேலை பார்த்ததாக இருக்க வேண்டும். அப்படி ஒருவரின் கீழ் சேரப் போனால், அங்கேயும் கனடிய அனுபவம் உண்டா என்பார்கள். அதுவரை கிடங்கு, காபிக் கடை, டாக்ஸி என்று கிடைத்ததைச் செய்ய வேண்டியதுதான். குடியேறியவர்கள் இதை ‘சர்வைவல் ஜாப்’ என்பார்கள். அதிலேயே வருடங்கள் ஓடிவிட்டால் கற்ற தொழில் கைவிட்டுப் போகும்.

அனுபவம் மட்டும்தான் தடையா என்றால், அதுவும் இல்லை. பொருளியலாளர் பிலிப் ஓரியோபவுலஸ், டொராண்டோ பகுதி நிறுவனங்களுக்கு ஆயிரக்கணக்கான கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார். 2011-இல் வெளியான அந்த ஆய்வின்படி, கனடிய அனுபவம் காட்டிய விண்ணப்பங்களுக்கு அழைப்பு கூடியது. ஆனால் கனடாவிலேயே படித்து, அங்கேயே வேலை பார்த்ததாகக் காட்டியும், இந்திய, சீன, பாகிஸ்தானியப் பெயர்களுக்கு ஆங்கிலப் பெயர்களைவிடக் குறைவாகவே அழைப்பு வந்தது.

விண்ணப்பம் எழுதும் முறையும் வேறு. தகப்பனார் பெயர், பிறந்த தேதி, மதம், திருமணம் ஆனவரா, புகைப்படம் என்று நம் ஊர் பயோடேட்டாவில் வரும் எதுவும் கனடிய ரெஸ்யூமேயில் இராது. ஓரிரு பக்கத்துக்குள், வகித்த பதவியைவிடச் செய்துமுடித்த காரியமே முன்னால் வர வேண்டும். விளம்பரத்துக்கு வராமல் அறிமுகத்தின் பேரில் நிரம்பும் இடங்களும் உண்டு என்பதால், தெரிந்தவர் இல்லாத புதியவருக்குப் பாதி வாசல் தெரியாமலே போகும். டொராண்டோவில் ட்ரியெக் அமைப்பு 2004 முதல், அதே தொழிலில் ஊன்றிய ஒருவரைப் புதியவருக்கு வழிகாட்டியாக இணைத்துவருவது இதற்காகவே.

கனடிய அனுபவத்தைக் கண்டிப்பான நிபந்தனையாக வைப்பது, முதல் நோக்கிலேயே பாகுபாடு என்று ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் 2013-இல் கொள்கை வெளியிட்டது. 2021-இல் அம்மாகாணம் இயற்றிய சட்டம், உரிமம் தேவைப்படும் தொழில்களில் இந்த நிபந்தனைக்குத் தடை போட்டது; மருத்துவம் சார்ந்த தொழில்கள் இதில் வரவில்லை. பொறியாளர் அமைப்பு தன் 12 மாத விதியை 2023 மே மாதம் கைவிட்டது. 2026 ஜனவரி 1 முதல் ஒன்டாரியோவில் பொது வேலை விளம்பரத்திலும் அதன் விண்ணப்பப் படிவத்திலும் கனடிய அனுபவம் கேட்கக் கூடாது. 25 பேருக்குக் குறைவானோர் பணிபுரியும் நிறுவனங்களுக்கு இந்த விதி பொருந்தாது.