சம்பளம் இல்லை, பங்கு உண்டு

கனடாவின் கிழக்குக் கரை மதுக்கூடங்களில் யாராவது 'பாரெட்ஸ் பிரைவட்டீர்ஸ்' பாட்டைத் தொடங்கினால், மொத்தக் கூட்டமும் மேஜையைத் தட்டிக்கொண்டு சேர்ந்துகொள்ளும். வாத்தியம் கிடையாது, குரல்கள் மட்டும்தான். கேட்டால் இருநூறு வருஷத்து மாலுமிப் பாட்டு மாதிரி இருக்கும். ஆனால் ஸ்டான் ராஜர்ஸ் இதை எழுதியது 1976இல்.

கதை நடப்பது 1778இல். அமெரிக்க விடுதலைப் போர் நடக்கிறது. நோவா ஸ்கோஷியா பிரிட்டன் பக்கம். பாரெட் என்பவனுக்கு அரசிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது: எதிரியின் வணிகக் கப்பல்களைப் பிடிக்கலாம் என்ற உரிமம். அந்தக் காகிதம் கையில் இருந்தால் போர்வீரன், இல்லாவிட்டால் கொள்ளைக்காரன். அவ்வளவுதான் வித்தியாசம்.

பாரெட் கற்பனை, தொழில் நிஜம். பிடித்துவந்த கப்பல் சட்டப்படி செல்லுமா என்று தீர்ப்புச் சொல்ல ஹாலிஃபாக்ஸில் ஒரு நீதிமன்றமே இருந்தது. எதிர்த்தரப்பும் சும்மா இல்லை. 1782இல் அமெரிக்க உரிமக் கப்பல்கள் அதே கரையிலுள்ள லூனன்பர்க் ஊரைச் சூறையாடின.

அரசுக்கு இது மலிவான போர். கப்பலும் பீரங்கியும் முதலாளி செலவு. மாலுமிக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது, கொள்ளையில் பங்குதான். ஸ்டார்ட்அப்களில் சம்பளத்தைக் குறைத்துவிட்டுப் பங்கு தருகிறோம் என்பார்களே, அதே கணக்கு. இங்கே கம்பெனி மூழ்கினால் நிஜமாகவே மூழ்கும்.

பாட்டில் மூழ்குகிறது. இருபது மீனவர்களைச் சேர்த்துக்கொண்டு கிளம்பிய ஓட்டைக் கப்பல், வழியெல்லாம் தண்ணீரை இறைத்து இறைத்தே மூன்று மாதத்தில் ஜமைக்கா சேர்கிறது. பிறகு ஒரு அமெரிக்கக் கப்பலைத் துரத்திப் பிடிக்கிறார்கள். அது சுட்டதில் பாரெட் செத்துப்போகிறான். பாடுகிறவனுக்கு இரண்டு காலும் போகிறது. ஆறு வருஷம் கழித்து அவன் ஊர் திரும்பும்போது வயது இருபத்து மூன்றைத் தொடவில்லை. கணக்குப் போட்டால் அது 1784. முந்தைய வருஷமே பாரிஸ் ஒப்பந்தம் கையெழுத்தாகி, போர் முடிந்துவிட்டது. எந்தக் காகிதத்தை நம்பிப் போனானோ, அதற்கு இனி மதிப்பே இல்லை. 1856இல் இன்னொரு பாரிஸ் உடன்படிக்கை அந்தத் தொழிலையே ஒழித்தது.

பாட்டின் அமைப்பைக் கவனியுங்கள். ஒவ்வொரு சரணத்திலும் நிலைமை மோசமாகிக்கொண்டே போகிறது. பல்லவி மட்டும் மாறுவதில்லை. அதில் இருப்பது ஆள்சேர்க்கும்போது கொடுத்த வாக்குறுதி: தங்கம் கிடைக்கும், ஆபத்து ஒன்றும் இல்லை. முதல் தடவை அது ஆசை. கடைசித் தடவை வசவு. சொல் ஒன்றுதான். மேஜையைத் தட்டிக் கூட்டம் உரக்கப் பாடுவதும் அந்த வாக்குறுதியைத்தான்.