மூணாவது சிவப்பு விளக்கு

பின் பம்பர் ரிஃப்ளெக்டரைக் கழட்டிட்டு எல்.ஈ.டி. மாட்டறாங்களே, அதுக்குப் பாட்டன் ஒருத்தர் உண்டு: மூணாவது பிரேக் விளக்கு. ஜான் வோயவோட்ஸ்கிங்கற உளவியல்காரர் சான் பிரான்சிஸ்கோ டாக்ஸிகள்ல மாட்டிப் பார்த்து, 1974-ல் முடிவை வெளியிட்டார். பின்னாடி இடிபடறது பாதிக்கு மேல குறைஞ்சிருந்துச்சு!

1986 மாடல் கார்கள்லேர்ந்து அமெரிக்கா இதைக் கட்டாயமாக்கிடுச்சு. ஆனா எல்லா வண்டியிலயும் வந்தப்புறம் பலன் 4.3 சதவீதத்துல நின்னுடுச்சு. கண்ணு பழகிடுச்சு போல.

எல்.ஈ.டி. சாதா பல்பை விட சுமார் 0.2 விநாடி முந்தி எரியும். 100 கி.மீ. வேகத்துல அது அஞ்சரை மீட்டர். நல்லதுதான்.

ஆனா ஒண்ணு மக்கா, ரிஃப்ளெக்டருக்குக் கரண்டே வேண்டாம். பேட்டரி செத்து இருட்டுல நிக்கற வண்டியைக் காட்டிக்கொடுக்கறது அதுதான். ஒளியைத் திருப்பியனுப்பாத எல்.ஈ.டி.யை அந்த இடத்துல மாட்டறது, ராக்காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிட்டு வாசல்ல சீரியல் பல்பு தொங்கவிடற கதைதான்.